நெற்களஞ்சியத்தில் பிடிபட்டவர்



இந்த மாத அட்டையில் இருப்பது கொடும்பாளூர் மூவர் கோயில். படம் எடுக்கப் போன அன்று, புகைப்படக்காரரும் நானும் போக, வண்டியில் மூன்றாவதாக ஒருவர் வந்தார். கோயிலைப் பற்றி எழுத வைத்திருந்த இந்தப் பக்கத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயிண்டர். நம் அலுவலகச் சுவர்களுக்கு இரண்டு முறை வர்ணம் அடித்தவர். விராலிமலையில் ஒரு வீட்டு வேலையைப் பார்த்துக் கூலி பேசி வர வேண்டியிருந்தது. "வண்டியில இடமிருந்தா நானும் வாறேன் ஐயா" என்றார். எந்த ஊர் என்று கேட்டால் லேணாவிளக்கு என்பார். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: திருமயம் போகும் சாலையில் இருக்கும் அந்த ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. நம் மாவட்டத்தில் அதைத் தவிர அழியாநிலையிலும் தோப்புக்கொல்லையிலும் உண்டு. "இண்டைக்கு செக்கிங் இல்ல ஐயா, பயமில்லாம வரலாம்" என்று நான் கேட்காமலே சொன்னார். கணக்கெடுப்பு நாளில் முகாமில் ஆள் இருந்தாக வேண்டும். அந்த நாள் தவறினால் மாதப் பணக்கொடைக்குச் சிக்கல். நாற்பத்தைந்து வயது மனிதர் பள்ளிக்கூடப் பையனைப்போல ஆஜர் சொல்லிப் பழகியிருக்கிறார்.

1990-இல் தலைமன்னாரிலிருந்து படகேறி, தனுஷ்கோடி மணலில் இறங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. அந்த ஜூனில்தான் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. முதலில் மண்டபம் முகாம், பிறகு லேணாவிளக்கு. முப்பத்தைந்து வருடத்தில் பேச்சு முக்கால்வாசி புதுக்கோட்டையாகிவிட்டது. பழைய நினைவு வந்தால் மட்டும் 'வரேக்க', 'பேந்து' என்று மன்னார் எட்டிப் பார்க்கும்.

ஓட்டுநர் கைபேசியில் தொலைக்காட்சி விவாதம் ஒன்றை ஓடவிட்டிருந்தார். உங்களுக்குத் தெரிந்ததுதான். நான்கு பேர், நான்கு கட்சி, ஒரே நேரத்தில் நான்கு குரல். ஊடுருவல்காரர்கள், எல்லைப் பாதுகாப்பு, மக்கள்தொகை மாற்றம், ஒருவரையும் விடக்கூடாது, மூட்டை கட்டி அனுப்ப வேண்டும். சுங்கச்சாவடி தாண்டும்வரை அவர் பேசவில்லை. பிறகு முன்சீட்டின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "அந்த லிஸ்டில நாங்களும் இருக்கிறமா ஐயா?"

நான் "பார்ப்போம்" என்று சொல்லி வெளியே பார்த்தேன். இருபத்தைந்து வருடமாகத் தலையங்கம் எழுதுகிறவன் சொல்லக்கூடிய பதிலா அது? அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை உங்களிடம் சொல்கிறேன்.

சட்டப் புத்தகத்தின்படி பதில், ஆமாம்.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை 2003-இல் திருத்தினார்கள். அந்தத் திருத்தம், செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் உள்ளே வந்த வெளிநாட்டவர் எல்லோரையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற ஒரே பெயரில் அடைத்தது. கள்ளநோட்டுப் பையோடு வந்தவரும் சரி, தலைக்கு மேல் குண்டு விழுந்ததால் ஒன்பது வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து வந்தவரும் சரி, அந்த வரையறையில் ஒன்றுதான். எப்படி வந்தாய் என்று சட்டம் கேட்கிறது. ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. அகதி என்ற சொல்லே நம் குடியுரிமைச் சட்டத்தில் கிடையாது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரை 1983-இலிருந்து ஏற்றுக்கொண்ட நாடு, அவர்களை என்ன பெயரில் அழைப்பது என்பதை மட்டும் முடிவு செய்யாமலே வைத்திருக்கிறது.

அவருடைய மகன் கதையைக் கேளுங்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் 2007-இல் பிறந்தவன். பிறப்புச் சான்றிதழ் இங்கே, பள்ளி இங்கே, ஆதார் இங்கே. இலங்கையை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறான். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளை குடிமகனாக வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். இவன் அப்பாவும் அம்மாவும் முகாமில் வளர்ந்து முகாமில் மணந்தவர்கள். ஆக, பிறந்த கட்டிலிலிருந்தே இவன் அந்நியன். கல்லூரி விண்ணப்பத்தில் 'நாட்டுரிமை' என்ற கட்டத்தை நிரப்பாமல் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டானாம். "நீங்களே எழுதுங்கப்பா" என்றானாம். "எனக்கும் தெரியேல்ல ஐயா, பேந்து அவன்ட ஸ்கூல் டீச்சர்ட்ட குடுத்து எழுதினம்" என்றார்.

தேதிகள் மனிதர்களை எப்படிப் பந்தாடுகின்றன பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகன். மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவானது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தார். இரண்டு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் அந்த மை அவருக்குக் கிடைத்திருக்காது.

கொடும்பாளூருக்கு வந்து சேர்வோம்.

வானதியின் ஊர் என்றால் கல்கி வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் நடுவில், இரண்டு பக்கத்துப் படைகளும் மிதித்துப்போன மண். இந்தப் பகுதியில் வெள்ளாறுதான் பழைய எல்லை. வடக்கே கோனாடு, தெற்கே கானாடு. புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் இந்த ஊர்க் குளத்தை ஒட்டிப் பிரியும் வழிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனார்கள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. எல்லை ஊர் என்றால் வழிப்போக்கர் ஊர் என்றுதான் அர்த்தம். இன்றும் திருச்சி–மதுரை நெடுஞ்சாலை இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது.

மூவர் கோயிலில் இப்போது நிற்பது இரண்டு விமானங்கள். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் நாங்கள் மாலை வெயிலுக்காகக் காத்திருந்தோம். தொல்லியல் துறையின் புல்வெளியில் ஒரு குடும்பம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்திருந்தது. காவலர் அவர்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றார். நான் பெயிண்டருக்குக் கதை சொல்லத் தொடங்கினேன். இந்த விமானங்களை எடுப்பித்தவர் இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி. ஒன்று தன் பெயரில், மற்ற இரண்டும் தன் தேவியர் கற்றளி, வரகுணை பெயரில். கிரந்த எழுத்தில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. அந்தக் கல்வெட்டில் எனக்கு எப்போதும் வியப்பு தரும் இடம் ஒன்று உண்டு. வீரபாண்டியனை வென்றதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அதே கல்வெட்டில், மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்து, ஐம்பது துறவிகளுக்குச் சோறு போட ஊர்களை எழுதிவைத்த செய்தியும் இருக்கிறது. பகை பாண்டியனோடு, மதுரை ஆளோடு இல்லை. இரண்டையும் ஒரே கல்லில் வெட்டுவதில் அந்தக் காலத்து ஆட்களுக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். இதே குலத்துப் பராந்தகன் சிறியவேளார் சுந்தர சோழர் காலத்தில் படையோடு கடல் தாண்டி ஈழத்தில் போரிட்டு அங்கேயே மாண்டவர். 'ஈழத்துப் பட்ட' என்றே கல்வெட்டு அவரைக் குறிக்கிறது. பெயிண்டர் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: "அவர் போகேக்க பாஸ்போர்ட் இருந்ததா ஐயா?"

புகைப்படக்காரர் சிரித்ததில் ஒரு படம் ஆடிப்போனது.

இந்த ஊருக்கு அரசர் இன்னொருவர் உண்டு. அறுபத்து மூவரில் ஒருவரான இடங்கழி நாயனார். பெரிய புராணத்தில் மிகச் சின்னக் கதை அவருடையது. அதனாலேயே பலர் நினைவில் நிற்பதில்லை. சிவனடியார்களுக்குத் தினமும் அமுது படைத்துவந்த ஒருவருக்கு ஒருநாள் எங்கும் அரிசி கிடைக்கவில்லை. நள்ளிரவில் அரசனுடைய நெற்களஞ்சியத்துக்குள் புகுந்துவிட்டார். காவலர் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரசன் கேட்டது ஒரே கேள்வி: ஏன் இதைச் செய்தாய்? அடியார்களுக்குச் சோறு போட வழியில்லாமல் போயிற்று என்றார் அவர். அரசன் அவரை விடுவித்தான். களஞ்சியத்திலிருந்து அடியார்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஊரெல்லாம் பறையறையச் சொன்னான்.

இந்தக் கதையில் நான் கவனிப்பது காவலரை. களஞ்சியத்துக்குக் காவல் இருந்தது. காவலர் தூங்கவில்லை, லஞ்சம் வாங்கவில்லை, பிடித்தார்கள். அரசன் அவர்களைக் கண்டிக்கவும் இல்லை, கலைக்கவும் இல்லை. பிடிப்பது அவர்கள் வேலை. பிடித்தவரிடம் என்ன கேட்பது என்பது அரசன் வேலை. நம் காலத்துச் சண்டையில் ஒரு தரப்பு காவலே வேண்டாம் என்பதுபோலப் பேசுகிறது. மறுதரப்பு, பிடித்தாயிற்று, இனிக் கேள்வி எதற்கு என்கிறது. நான் இரண்டுக்கும் இல்லை.

இந்தப் பக்கத்தின் முதல் படியைப் படித்த நம் தமிழாசிரிய நண்பர் உடனே மடக்கினார்: "இடங்கழியார் எல்லோருக்கும் திறந்துவிடவில்லையே, அடியார்களுக்கு மட்டும்தானே?" உண்மை. பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அப்படித்தான்: பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தவருக்கு மட்டும் களஞ்சியத்தைத் திறந்தது. முஸ்லிம்களை விட்டதைப் பற்றி நாடே பேசியது, பேச வேண்டியதுதான். ஆனால் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நம் முகாம்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், அடுத்தபடி கிறிஸ்தவர்கள். அந்தச் சட்டம் சொல்லும் மதத்தவர்கள்தான். நாடு மட்டும் பட்டியலில் இல்லை. 2024 மார்ச் 11-இல் விதிகள் வெளிவந்தபோதும் இல்லை. அடியார் வேடத்தோடு போய் நின்றவருக்கும் கதவு திறக்கவில்லை.

ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. ஜெயில் பயம் போயிற்று. அதற்கு அப்பால் அதில் ஒன்றுமில்லை. குடியுரிமைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மாநில அரசு 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் அறிவித்து, சிதைந்த வீடுகள் 7,469-ஐ மாற்றிக் கட்டவும் முடிவு செய்தது. 'அகதிகள் முகாம்' என்ற பலகை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. பத்துக்குப் பத்து அறைகளில் மூன்று தலைமுறை படுத்தெழுந்ததை நேரில் பார்த்தவன் நான். அதனால் இதைச் சாதாரண வேலை என்று சொல்ல மாட்டேன். பெயிண்டரும் சொல்லவில்லை. "வீடு நல்ல வீடு ஐயா" என்றார். சற்று நேரம் கழித்து, "பட்டா ஆர்ட பேர்ல?" என்றார்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனு வந்தது. தண்டனைக் காலம் முடிந்தவர், திருப்பி அனுப்பாதீர்கள் என்று கேட்டார். உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்களுக்கு இடம் கொடுக்க இந்தியா என்ன சத்திரமா என்ற பொருளில் நீதிபதி கேட்டதாகச் செய்தி வந்தது. நம் பக்கத்தில் சத்திரம் என்பது வசவுச் சொல் இல்லை. ஊர்ப் பெயரோடு ஒட்டவைத்து மரியாதையாகச் சொல்கிற சொல். ஆனால் நீதிபதி சொன்னதில் ஒரு நியாயம் உண்டு: சத்திரத்தில் நிரந்தரமாகத் தங்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், நாம் நடத்துவது சத்திரமே இல்லை. முப்பத்தைந்து வருடம் ஒருவரைத் தங்கவைத்து, பிள்ளை பெறவைத்து, பேரனையும் பார்க்கவைத்துவிட்டு, 'நீ வழிப்போக்கன்தான்' என்று சொல்லும் சத்திரத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

திரும்பிப் போகலாமே என்று சொல்பவர்கள் உண்டு. போனவர்களும் உண்டு. 2025 மே மாத இறுதியில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கிய ஒரு முதியவரைக் கைது செய்தார்கள். குற்றம் என்ன தெரியுமா? பல பத்தாண்டுகளுக்கு முன் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனது! இங்கே உள்ளே வந்தது குற்றம். அங்கே வெளியே போனது குற்றம். கடும் எதிர்ப்புக்குப் பிறகு விடுவித்தார்கள். ஆனால் அந்தச் செய்தி முகாம் முகாமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊருக்குப் போக உடுப்பு எடுத்துவைத்திருந்த கிழவிகள்கூடப் பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றிவிட்டதாக நம் பெயிண்டர் சொன்னார்.

எல்லைப் பாதுகாப்பு என்ற பேச்சை ஒட்டுமொத்தமாக வெறுப்புப் பேச்சு என்று ஒதுக்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1991 மே 21-ஐ நாம் மறக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம்வாசிகள் ஒவ்வொருவரையும் ஊர் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. அடுத்த வருடமே பலரைக் கப்பலேற்றியும் அனுப்பினார்கள். யாரோ செய்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது. அதனாலேயே கறாரான காவல் மிக அதிகமாகத் தேவைப்படுவது அகதிகளுக்குத்தான். கெட்டவன் ஒருவன் நுழைந்தால் அடி விழுவது நல்லவன் முதுகில். 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதாரம் கவிழ்ந்தபோது, படகோட்டிகள் இரவில் பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகுட்டியோடு வந்தவர்களை அரிச்சல்முனைக்கு அப்பால் கடல் நடுவே மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். அந்தத் திட்டு நீரேற்றத்தில் முழுகுமா முழுகாதா என்பது இறங்கியவர்களுக்குத் தெரியாது. அவர்களை மீட்டுக் கரை சேர்த்தது கடலோரக் காவல் படைதான். காவலர் என்றால் விரட்டுபவர் மட்டுமில்லை.

2025 ஜனவரியில் திருப்பூர் வட்டாரத்தில் வங்கதேசத்தவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கைதானபோது நம் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை அப்படியே வைத்திருக்கிறேன். பனியன் கம்பெனியில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய கூலியை இவர்கள் குறைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். போலி ஆதார் அட்டை எடுத்துக் கொடுத்தது யார், குறைந்த கூலிக்கு வேலைக்கு வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. அந்த இரண்டு பேரும் நம்மவர்களாகத்தானே இருக்க வேண்டும்? இன்னொரு பக்கம், டெல்லியில் வேலை பார்த்த மேற்கு வங்காளம் பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருவரை வங்கதேசத்தவர் என்று பிடித்து 2025 ஜூனில் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், டிசம்பரில்தான் அவர் தாய்நாடு திரும்பினார். எல்லைக்காவல் வேகமாக நடந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதே வருடம் பிப்ரவரி 5-இல் அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களைக் கைவிலங்கிட்டுக் கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியது. அப்போது நாம் எல்லோரும் கொதித்தோம். நம் ஆள் போனால் பிழைக்கப் போனவர் என்கிறோம். அடுத்தவர் வந்தால் வாயில் வேறு சொல் வருகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது ஒன்றும் தொலைக்காட்சி விவாதம் இல்லை. நமக்குக் கடல் இருக்கிறது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் போகும் அந்தக் கடலில் 1974-லும் 1976-லும் இந்திய, இலங்கை அரசுகள் ஒப்பந்தம் போட்டுக் கோடு கிழித்தன. அந்தக் கோட்டைத் தாண்டினால் சட்டவிரோதமாக எல்லை மீறியவர்கள் நாம்தான். பிடிபட்ட மீனவர்களுக்காகக் கரையில் பெண்கள் உட்கார்ந்து அழும்போது நாம் ஏன் போனார்கள் என்று கேட்கிறோம்: மீன் இந்தப் பக்கம் இல்லை, கடன் இருக்கிறது, டீசல் விலை இருக்கிறது. சரியான கேள்வி, சரியான பதில். ஆனால் அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர், 'உங்கள் இழுவைமடி எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது' என்று சொன்னால் அதையும் கேட்க வேண்டியிருக்கிறது. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது.

2021 ஜனவரி 18. கோட்டைப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகு ஒன்று நெடுந்தீவுக்குப் பக்கத்தில் இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதிய சம்பவத்தில் மூழ்கியது. படகில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த இலங்கைத் தமிழர். அந்தக் கடலை அகதியாகத் தாண்டி வந்த குடும்பத்துப் பிள்ளை, கூலிக்கு மீன்பிடிக்கப் போய், இந்திய மீனவராக எண்ணப்பட்டு அதே கடலில் செத்தார். நமக்கு அது நாலு நாள் செய்தி. ஐந்தாம் நாள் வேறு செய்தி வந்துவிட்டது.

மண்டபம் என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அந்த முகாமை முதலில் எதற்குக் கட்டினார்கள் என்று தெரியுமா? வருகிறவர்களுக்காக இல்லை, போகிறவர்களுக்காக. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்து அனுப்பிய காலத்தில், காலரா, பிளேக் வராதபடி தொழிலாளர்களைச் சில நாள் தங்கவைத்துச் சோதித்துப் படகேற்றிய இடம் அது. இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமை அலுவலகம் நம் திருச்சியில் இருந்தது. சமஸ்தானத்துப் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி ஆயிரமாயிரம் பேர் கங்காணிகள் பின்னால் நடந்தார்கள். கழுத்தில் தோட்ட எண் அடித்த தகரத்துண்டு. சுதந்திரம் வந்த கையோடு 1948-இல் இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிவைத்தார்கள். மனிதர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 1984-இல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றபோது இந்தியப் பாஸ்போர்ட் கையில் வைத்துக்கொண்டே அங்கே மாட்டிக்கொண்டவர்கள் பலர். அப்படிப்பட்ட மலையகக் குடும்பங்களும் கலவரங்களில் அடிபட்டு, வடக்கே வன்னிக்குப் போய், அங்கிருந்தும் விரட்டப்பட்டு, கடைசியில் அகதிகளாக இங்கே வந்து முகாமில் இருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா கிளம்பிய மாவட்டத்துக்கே கொள்ளுப்பேரன் 'சட்டவிரோதக் குடியேறி'யாகத் திரும்பியிருக்கிறான். இப்படி இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 65 பேர் போட்ட வழக்கில் 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது.

நம் பெயிண்டரும் அப்படிப்பட்ட குடும்பம்தான் என்பது திரும்பும்போதுதான் தெரிந்தது. அவருடைய அம்மா வழிப் பாட்டன் கண்டிப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் மகன். 1977 கலவரத்துக்குப் பிறகு மன்னாருக்கு வந்தவர். பாட்டனின் அப்பாவுக்கு 'கீரனூர்ப் பக்கம் ஏதோ ஊர்' என்று சொல்லக் கேட்டிருக்கிறார். விராலிமலையில் இறங்கும்போது கேட்டார்: "அதுக்குக் கடுதாசி ஏதும் இருக்குமா ஐயா, இந்தப் பக்கம்?"

தாள் தேடும் அலைச்சல் என்ன என்று இப்போது நமக்கும் தெரியும். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, என் அம்மாவின் பெயரை 2002 பட்டியலில் தேடி இரண்டு நாள் போனது. 'மீனாட்சி' என்பது 'மீனாச்சி' ஆகியிருந்தது; கடைசியில் தாத்தா பெயரை வைத்துக் கண்டுபிடித்தோம். வெளிநாட்டு ஊடுருவல்காரர்களின் பெயரை நீக்குவதும் இந்தத் திருத்தத்தின் காரணங்களில் ஒன்று என்று பீகாரில் தொடங்கியபோதே தேர்தல் ஆணையம் சொல்லியிருந்தது. எண்பத்தொரு வயதில் அம்மா ஊடுருவல்காரர் இல்லை என்று நிரூபிக்கப் பரணெல்லாம் இறக்கினோம். அப்போது ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் யாரோ பெரியப்பாவுக்கு நாவலப்பிட்டியிலிருந்து வந்த இரண்டு தபால் கார்டுகள் கிடைத்தன. எங்கள் குடும்பத்திலும் ஒருவர் போயிருக்கிறார். அதுவரை யாரும் சொன்னதில்லை.

அதனால் உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். கீரனூர், குளத்தூர், இலுப்பூர், விராலிமலை, அன்னவாசல், திருமயம், அறந்தாங்கி வட்டாரத்து வாசகர்கள் யார் வீட்டிலாவது, இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களைப் பற்றிய பழைய தாள் இருக்கலாம். தகரத்துண்டு, கங்காணி எழுதிக்கொடுத்த கடன்சீட்டு, மண்டபம் முகாம் முத்திரை போட்ட காகிதம், கண்டி, பதுளை, ஹட்டன், நாவலப்பிட்டி என்று அஞ்சல் முத்திரை விழுந்த கார்டு, அறுபத்து நான்கு ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுத்த குடும்ப பாஸ்போர்ட், மணியார்டர் ரசீது, எதுவானாலும் சரி. எடுத்துப் பாருங்கள். மூலத்தை உங்களிடமே வைத்துக்கொண்டு நகலை மட்டும், போனவர் பெயர், கிளம்பிய ஊர், உங்களுக்கு என்ன உறவு என்ற மூன்றையும் எழுதி, கடைசிப் பக்கத்தில் இருக்கும் நம் முகவரிக்கு அனுப்புங்கள். ஊர்வாரியாக அடுக்கி, மூன்று முகாம்களிலும் கொண்டுபோய்க் காட்டப் போகிறோம். இரண்டு குடும்பங்களுக்கு உறவு பொருந்தினாலும் லாபம்தான்.

கீரனூர்ப் பக்கத்துத் தாள்களை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள். மாத இறுதியில் அவர் மறுபடி நம் அலுவலகத்துக்கு வர்ணம் அடிக்க வருகிறார்.

அன்புடன்,
ஆசிரியர்